நாளுக்கு மூன்று சொட்டு: கடுமையான தசை விறைப்பும் வயிற்றில் பதிக்கும் மருந்துப் பம்பும்

நடு இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துடித்து எழுந்த அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும். பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கி, சற்று நீவிவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். காலையில் லேசான வலி மட்டும் மிச்சமிருக்கும். அந்தப் பிடிப்பு விடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலிலிருந்து இரண்டு கால்களுக்கும் பரவி, இரவும் பகலும் தொடர்ந்து, ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. கடுமையான தசை விறைப்புக்குக் காரணம் வேறு, உள்ளே நடப்பதும் வேறு. ஆனாலும் அதோடு வாழ்பவரின் உடம்பை ஊகித்துப் பார்க்க நமக்குக் கையருகே கிடைப்பது இந்த அனுபவம்தான்.

மருத்துவர்கள் இதை ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். தமிழில் தசை இறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். நான் விறைப்பு என்றே எழுதப் போகிறேன். இறுக்கம் என்றால் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்தவரின் கழுத்துப் பிடிப்பு வரை எல்லாமே அதில் அடங்கிவிடுகிறது.

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள எட்டு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இரு தொடைகளும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டிருக்கும். கழுவிவிடவும் உடை மாற்றவும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காலை விலக்கிப் பிடித்தால்தான் மற்றவர் வேலையைச் செய்ய முடியும். விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர் ஒருவர் சக்கர நாற்காலியில் போகிறார். சக்கரம் சிறு மேட்டில் ஏறி இறங்கினாலே கால்கள் இரண்டும் வெட்டி நீண்டு, அவரை இருக்கையிலிருந்து சரித்துவிடும். படுத்தால் போர்வை உரசுவதே அடுத்த வெட்டுக்குப் போதும். தூக்கம் போகிறது. உரசும் இடங்களில் புண் வருகிறது. பக்கவாதம், தலைக்காயம், நரம்பிழைகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று காரணங்கள் பல. எல்லாவற்றிலும் பாதிப்பு மூளையிலோ தண்டுவடத்திலோதான் இருக்கும். விறைத்து நிற்கும் தசையில் நோய் எதுவும் இல்லை.

தெருநாயும் வீட்டுக்காரரின் அதட்டலும்

முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறுகிறது. தட்டியதில் தசை ஒரு கணம் இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் உணர்விழை அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகிறது. தண்டுவடம் மூளையைக் கலந்துகொள்ளாமல், அதே தசைக்குச் சுருங்கும்படி உத்தரவு போடுகிறது. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும்போது விழாமல் தாக்குப்பிடிப்பதில் இந்த அனிச்சைக்கும் பங்கு உண்டு.

இதை வாசலில் படுத்திருக்கும் நாய் என்று நினைத்துக்கொள்ளலாம். காலடி கேட்டதும் தலையைத் தூக்கும்; அது அதன் வேலை. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ‘சும்மா இரு’ என்று ஓர் அதட்டல் போட்டால் மீண்டும் படுத்துக்கொள்ளும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் செய்யும் வேலைகளில் இந்த அதட்டலும் ஒன்று. அந்தப் பாதை அறுபட்டால் அதட்டல் கீழே போய்ச் சேராது. நாய் ஒவ்வொரு காலடிக்கும் பாயத் தொடங்கும்.

இந்த உவமையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. தெருநாய்க்கு முன்னால் மெல்ல நடந்து போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஓடினால் துரத்தும். விறைப்பும் அப்படியே. விறைத்த முழங்காலை மிக மெதுவாக நீட்டினால் ஓரளவு இணங்கும், சட்டென்று நீட்டப் பார்த்தால் எதிர்த்து நிற்கும். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் ஸ்பாஸ்டிசிட்டிக்கு வகுத்த வரையறையின் மையமே இந்த வேகச் சார்புதான். இன்றும் பாடப்புத்தகங்களில் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். பிசியோதெரபி செய்பவர்கள் காலை அவ்வளவு நிதானமாக நீட்டுவதன் காரணமும் இதுவே.

மேலிருந்து வரும் தொடர்பு போனால் கால் விறைக்கும் என்பதை ஆங்கிலேய உடலியங்கியல் ஆய்வாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1898இலேயே பூனைகளில் காட்டிவிட்டார். மூளைத்தண்டின் குறுக்கே வெட்டியதும் கால்கள் தூண் போல நின்றன. தசையிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்பு வேர்களைத் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் வெட்டினார், விறைப்பு போயிற்று. கேட்க மனம் சங்கடப்படும் சோதனைதான். ஆனால் விறைப்பைக் குறைக்கத் தசையைத் தொட வேண்டியதில்லை, தண்டுவடத்தில் கை வைத்தால் போதும் என்பதை அது அப்போதே சொல்லிவிட்டது.

குறி தவறிய மருந்து

அந்த அதட்டல் வேதிப் பொருள்களின் வழியாகத்தான் நடக்கிறது. அவற்றில் முக்கியமானது காபா. நரம்பு மண்டலத்தில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் பொருள் அது. வெளியிலிருந்து காபாவைக் கொடுத்தால் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை உள்ளே விடுவதில்லை. 1962இல் சுவிட்சர்லாந்தின் வேதியியலாளர் ஹைன்ரிஷ் கெபெர்லே, காபா மூலக்கூறின் முதுகில் குளோரின் தாங்கிய ஒரு வளையத்தை ஏற்றி, தடுப்பைத் தாண்டக்கூடிய காபாவை உருவாக்க முயன்றார். அப்படிப் பிறந்ததுதான் பேக்லோஃபென். நோக்கம் வலிப்பு நோயைத் தீர்ப்பது. வலிப்பில் அது ஏமாற்றியது. ஆனால் விறைத்த கால்கள் தளர்ந்தன.

இன்றும் கடுமையான விறைப்புக்கு முதலில் எழுதித்தரும் மாத்திரைகளில் பேக்லோஃபென் ஒன்று. 5 மில்லிகிராமை நாளுக்கு மூன்று வேளையாகத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவார்கள். வழக்கமான உச்ச வரம்பு 80 மில்லிகிராம். பலருக்கு இதிலேயே போதுமான பலன் கிடைத்துவிடுகிறது. அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி தேவையே இல்லை.

சிலருக்குப் போதுவதில்லை. தடுப்பைத் தாண்டவென்றே செய்த மருந்து அதைச் சரியாகத் தாண்டாததுதான் இதில் வேடிக்கை. விழுங்கியதில் மிகச் சிறு பங்குதான் தண்டுவடத்தை எட்டும். அந்தப் பங்கைக் கூட்ட அளவை ஏற்றினால் கால் தளர்வதற்கு முன்பே தலை சாய்ந்துவிடுகிறது. பகலெல்லாம் தூக்கம், மந்தம், குழப்பம். வயலின் மூலையில் நிற்கும் ஓர் எலுமிச்சைக்குத் தண்ணீர் காட்ட வயல் முழுவதையும் முக்கி எடுப்பது போன்றது இது. மரத்தின் வேருக்கு எட்டுவதற்குள் மற்ற பயிர் அழுகிவிடும்.

உழவர்கள் இதற்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள். மருத்துவர்களும் ஏறக்குறைய அதையே செய்தார்கள்.

நேராகத் தண்டுவடத்துக்கு

மூளையும் தண்டுவடமும் ஒரு தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. வளர்ந்தவர் ஒருவரின் உடம்பில் அது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு. சிசேரியனுக்கு முன்பு முதுகில் போடும் மயக்க ஊசி போய்ச் சேருவது இந்தத் திரவத்துக்குள்தான். அங்கே விட்ட மருந்து தடுப்பைத் தாண்டத் தேவையில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் நரம்பு அறுவை மருத்துவர் ரிச்சர்ட் பென்னும் அவருடைய சக ஆய்வாளர் ஜெஃப்ரி க்ரோயினும் பேக்லோஃபெனை இந்தத் திரவத்தில் செலுத்திப் பார்த்து 1984இல் தங்கள் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடர்ந்து செலுத்துவதற்கான பம்பு அவர்களுக்காகப் புதிதாகச் செய்ததல்ல. உடம்புக்குள் பதிக்கும் பம்புகள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹென்றி புக்வால்டு உள்ளிட்டோரின் உழைப்பில் முன்பே உருவாகியிருந்தன. தீராத வலிக்கு மார்ஃபின் செலுத்தவும் பம்புகள் பயன்பட்டு வந்தன. மார்ஃபின் போன பாதையில் வேறொரு மருந்தை அனுப்பினால் என்ன என்பதுதான் சிகாகோவில் எழுந்த கேள்வி.

1989இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இருபதே பேரை வைத்து நடந்தது. தண்டுவடக் காயமோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோ உள்ளவர்கள். மாத்திரையில் பலன் காணாதவர்கள். இயல்பான தசைக்கு 1, வளைக்கவே முடியாத தசைக்கு 5 என்ற அளவுகோலில் அவர்களுடைய சராசரி 4இலிருந்து 1.2க்கு இறங்கியது. இருபது என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இப்படி ஒரு சரிவைக் காண இருநூறு பேர் தேவைப்படவில்லை. தண்டுவடப் பாதிப்பால் வரும் விறைப்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1992இல் அனுமதி தந்தது. மூளைப் பாதிப்பால் வருவதற்கு 1996இல் தந்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு வழி திறந்தது அப்போதுதான்.

அளவுகளை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சுவாரசியமாக இருக்கும். மாத்திரையாக நாளுக்கு 60 மில்லிகிராம் எடுப்பவர் ஒருவர் பம்புக்கு மாறி நாளுக்கு 300 மைக்ரோகிராமில் நிலைபெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது முன்பு விழுங்கியதில் இருநூற்றில் ஒரு பங்கு. பம்பில் நிரப்பும் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 2,000 மைக்ரோகிராம் இருந்தால், நாளுக்குப் போவது 0.15 மில்லிலிட்டர், அதாவது சுமார் மூன்று சொட்டு. 20 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள பம்பை நிரப்பினால் உள்ளே போவது மொத்தம் 40 மில்லிகிராம். அது நான்கு மாதத்துக்கு வரும். முன்பு அவர் ஒரே நாளில் விழுங்கியது அதைவிட அதிகம்.

ஒத்திகை பார்க்கும் நாள்

அறுவை சிகிச்சைக்கு முன்பு இதை ஒத்திகை பார்க்க முடியும் என்பது இந்தச் சிகிச்சையின் தனிச் சிறப்பு. இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ளப் போகிறவருக்குப் புதிய மூட்டோடு ஒரு பகல் நடந்து பார்க்கும் வாய்ப்பு கிடையாது. இங்கே கிடைக்கிறது. கீழ்முதுகில் ஊசி போட்டு, பொதுவாக 50 மைக்ரோகிராம் பேக்லோஃபெனை ஒரே தடவையாகத் திரவத்துக்குள் விடுவார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கால்கள் தளரத் தொடங்கும். சுமார் நான்கு மணி நேரத்தில் உச்சம். எட்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும்.

அந்தச் சில மணி நேரம் முழுவதும் இயன்முறைச் சிகிச்சையாளர் பக்கத்திலேயே இருந்து கால்களை மடக்கி, நீட்டி, மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார். பலன் போதாவிட்டால் மறுநாள் 75, அதற்கு மறுநாள் 100 மைக்ரோகிராம். நூறிலும் அசையாத விறைப்புக்குப் பம்பு வைப்பதில்லை. வீட்டார் அந்த நாளில் உடன் இருப்பது அவசியம் என்பது என் கருத்து. உடை மாற்றும்போது கால் விலகுகிறதா, நாற்காலியில் நேராக உட்கார முடிகிறதா என்பதை மதிப்பெண் அட்டையைவிட அம்மாவின் கைகள் நன்றாகச் சொல்லும்.

இந்த ஒத்திகையில் வேறொன்றும் வெளிப்படுவது உண்டு, அது எப்போதும் இனிப்பான செய்தியாக இருப்பதில்லை. விறைப்பு சிலருக்கு ஊன்றுகோலாக உதவிக்கொண்டிருக்கும். தசையில் வலு இல்லை. ஆனால் கால் விறைத்து நிற்பதால் அதன் மேல் எடையைப் போட்டு எழுந்து நிற்கிறார், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார். விறைப்பை எடுத்துவிட்டால் கால் துவண்டுவிடும். விறைப்பைக் குறைக்கும் மருந்து எதுவும் வலுவைத் தராது. ஆகவே எவ்வளவு விறைப்பு இருக்கிறது என்பதோடு, அந்த விறைப்பு இவருக்கு என்ன கெடுதல் செய்கிறது, என்ன உபகாரம் செய்கிறது என்றும் கேட்க வேண்டும். சிலருக்கு இரவில் கூடுதலாகவும், எழுந்து நடமாடும் வேளையில் குறைவாகவும் மருந்து போகும்படி பம்பை அமைத்துவிடுவார்கள்.

நீண்ட காலம் விறைத்தே இருந்த தசை ஒரு கட்டத்தில் நிரந்தரமாகக் குறுகிவிடும், மூட்டும் இறுகிப்போகும். அந்தக் குறுகலைப் பேக்லோஃபென் நீட்டாது. அதற்கு எலும்பு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தோலுக்கு அடியில்

பம்பு டைட்டேனியத்தால் ஆன ஒரு தட்டையான வட்டு. குறுக்களவு ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தடிமன் கொள்ளளவைப் பொறுத்து இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர். உள்ளே மருந்துக்கு ஒரு தேக்கம், ஒரு மின்கலம், ஒரு சிறிய கணினிச் சில்லு, மென்மையான குழாயை உருளைகளால் அழுத்தி மருந்தை இம்மியளவாக முன்னே தள்ளும் ஒரு பொறி. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றின் ஒரு பக்கத்தில் தோலுக்கு அடியில் இதை வைப்பார்கள். ஒல்லியான குழந்தைகளுக்கு இன்னும் சற்று ஆழத்தில், தசையுறைக்குக் கீழே வைப்பதும் உண்டு. பம்பிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் தோலுக்கு அடியிலேயே விலாவைச் சுற்றி முதுகுக்குப் போகும். அங்கே முதுகெலும்புகளுக்கு இடையே நுழைந்து, திரவத்துக்குள் சிறிது தூரம் மேலேறி நிற்கும். கால்களுக்கு மட்டும் என்றால் குழாயின் நுனியைக் கீழ்மார்பு முதுகெலும்புகளின் மட்டத்தில் நிறுத்துவார்கள். கைகளும் விறைத்திருந்தால் இன்னும் மேலே.

வெளியே எந்தக் கம்பியும் குழாயும் தெரியாது. மெலிந்தவர்களுக்குச் சட்டைக்குள் ஒரு மேடு தெரியும். குளிக்கலாம், பள்ளிக்குப் போகலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போது காந்தத்தின் பிடியில் பொறி சற்று நேரம் நின்று பிறகு ஓடத் தொடங்கும் வகைப் பம்புகளே பரவலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே ஸ்கேன் முடிந்ததும் அது மீண்டும் ஓடுகிறதா என்று கருவியை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மின்கலத்துக்கு மறுபடி மின்னேற்ற முடியாது. நான்கிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் அது தீரும் தறுவாய்க்கு வரும். அப்போது பம்பு முழுவதையும் எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். எட்டு வயதில் பம்பு வைத்த பிள்ளைக்கு இருபத்தெட்டு வயதுக்குள் மூன்று நான்கு முறை அறுவை சிகிச்சை என்று அர்த்தம். முதல் சந்திப்பிலேயே இதை மருத்துவர் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மருந்து நிரப்பும் வேலை பார்ப்பதற்கு எளிது. வயிற்றுத் தோலின் வழியாக ஒரு ஊசியைப் பம்பின் நடுவிலுள்ள வாய்க்குள் செலுத்தி, மிச்சமிருக்கும் பழைய மருந்தை உறிஞ்சி எடுத்து அளந்து, புதியதை நிரப்பி, வெளியிலிருக்கும் கருவி மூலம் சில்லுக்குத் தகவல் தருவார்கள். அரை மணி நேர வேலை, மயக்க மருந்து வேண்டாம். உறிஞ்சி எடுத்ததை அளப்பது சடங்குக்காக அல்ல. கணக்குப்படி 3 மில்லிலிட்டர் மிஞ்ச வேண்டிய இடத்தில் 9 இருந்தால் மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று பொருள். நாளுக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்து இது ஒரு மாதத்துக்கு ஒரு முறையும் வரலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் வரலாம். ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது; மருந்தின் வீரியத்துக்கு உத்தரவாதம் அதுவரைதான்.

குழாய் அடைத்தால்

இதுவரை படித்தவர்களுக்கு இது நல்ல ஏற்பாடாகத் தோன்றியிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொட்டுநீருக்குப் பழகிய செடி, குழாய் அடைத்தால் மற்றச் செடிகளுக்கு முன்பே வாடும். திரவத்துக்குள் விட்ட பேக்லோஃபெனின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே வரும். கையிருப்பு என்று எதுவும் கிடையாது. சொட்டு நின்றால் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் உடம்பு கலகம் செய்யத் தொடங்கும்.

முதலில் பலருக்கு அரிப்பு. தோலில் தடிப்பு ஏதும் இல்லாத அரிப்பு. பிறகு விறைப்பு திரும்பும், முன்பைவிடக் கடுமையாக. காய்ச்சல் ஏறும், இரத்த அழுத்தம் தடுமாறும், பேச்சு குழம்பும், வலிப்பு வரலாம். ஓயாமல் விறைக்கும் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்தை அடைக்கும். உயிரிழந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2002 முதல் இந்த மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே இது அச்சிடப்படுகிறது.

இதில் ஆபத்து என்னவென்றால், இந்தத் தோற்றத்தை எளிதில் வேறொன்றாக எடுத்துக்கொள்ள முடியும். படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு உயர்ந்த காய்ச்சல், குழப்பம், உடல் விறைப்பு என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவில் யாரும் முதலில் கிருமித் தொற்றைத்தான் நினைப்பார்கள். அது தவறான எண்ணமும் அல்ல. பம்பு வைத்த இடத்தில் தொற்று ஏறி மூளையுறைக் காய்ச்சலாவதும் நடக்கக்கூடியதே. ஆனால் வயிற்றில் பம்பு இருக்கிறது என்று வாசலிலேயே சொன்னால்தான் மருந்து நின்றுபோயிருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு எழும். செய்ய வேண்டியது, தண்டுவடத்துக்குள் மருந்து போவதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மீட்பது. அதுவரை மாத்திரையும் டயாசெபாம் வகை மருந்துகளும் இடைவெளியைத் தாங்கும். மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது போதாது. அதன் வழியே தண்டுவடத்தை எட்டுவது எவ்வளவு என்று மேலே பார்த்தோம்.

சொட்டு ஏன் நிற்கிறது? பெரும்பாலும் குற்றவாளி குழாய்தான். மடங்கும், விரிசல் விடும், கழன்று வெளியே வந்துவிடும். நிரப்ப வேண்டிய தேதியைத் தவறவிடுவது இன்னொரு காரணம். மருந்து தீரப் போகிறது என்றால் பம்பு ஒலியெழுப்பும். அதைக் கைப்பேசிச் சத்தம் என்று நினைத்து விட்டுவிடாமல் இருக்க, அந்த ஒலி எப்படி இருக்கும் என்று மருத்துவமனையிலேயே ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. குழாய் மடங்கியதையோ கழன்றதையோ பம்பு அப்படி அறிவிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அங்கே முதலில் அறிவிப்பது கால்கள்தான்.

மருந்து கூடிப்போவதும் நடக்கும். பெரும்பாலும் நிரப்பும்போதோ அளவை மாற்றும்போதோ நிகழும் மனிதத் தவறால். உடம்பு துவண்டு, தூக்கம் மயக்கமாகி, மூச்சு மந்தமாகும். இதற்கென்று குறிப்பான முறிமருந்து கிடையாது. பம்பை நிறுத்தி, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசம் கொடுத்து, மருந்து வடியும்வரை காத்திருப்பார்கள். மூச்சைக் கவனித்துக்கொண்டால் மீண்டுவிடலாம்.

யாருக்கு, எந்த விலையில்

விறைப்பு ஒரு கையிலோ ஒரு கணுக்காலிலோ மட்டும் இருந்தால் பம்பு வேண்டாம். அந்தத் தசைகளில் மட்டும், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டால் மூன்று மாதம் போலத் தாங்கும். மூளை முடக்குவாதம் உள்ள சில குழந்தைகளுக்கு, பொறுக்கியெடுத்த நரம்பு வேர்களை வெட்டும் அறுவை சிகிச்சை பொருத்தமாக இருக்கலாம். ஷெரிங்டன் பூனையில் கண்டதன் வழித்தோன்றல் அது. ஒரு முறை செய்தால் முடிந்தது, ஆனால் திருப்ப முடியாது. பம்புக்கு ஏற்றவர்கள், விறைப்பு பரவலாகவும் கடுமையாகவும் இருந்து, மாத்திரைகள் போதாமலோ தாங்காமலோ போனவர்கள். தலைக்காயத்துக்குப் பின் வந்த விறைப்பு என்றால் குறைந்தது ஓராண்டு பொறுத்துப் பார்ப்பது வழக்கம். அதற்குள் தானாகவே நிலைமை மாறலாம். குழந்தைகளுக்கு வயதைவிட, பம்பைத் தாங்கும் அளவு வயிறு இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்தியாவில் பம்பின் விலையே பல லட்சம் ரூபாய். பதித்து, நிரப்பி, அளவு சரிசெய்யப் பழகிய மருத்துவமனைகள் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. பணத்தைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். தூரத்தைப் பற்றி விசாரிக்க மறந்துவிடுவார்கள். பம்பு வைத்துக்கொண்டவர் அந்த மருத்துவமனையோடு ஒரு வகையில் கயிறு கட்டிக்கொண்டவர். நிரப்பும் நாளில் போயே ஆக வேண்டும். அரிப்போடு காய்ச்சல் வந்தால் இரவோடு இரவாகப் போக வேண்டும். சக்கர நாற்காலியோடு எட்டு மணி நேரம் பயணம் செய்துதான் போக முடியும் என்றால், வழியில் உள்ள எந்த மருத்துவமனை முதலுதவி தரும் என்பதையும் முடிவெடுக்கும் முன்பே பேசிவைக்க வேண்டும். இப்படி ஒரு கணக்குப் போட்டு, ‘எங்களுக்கு ஒத்துவராது’ என்று மாத்திரையோடும் ஊசியோடும் நின்றுவிடும் குடும்பத்தைத் தவறான முடிவெடுத்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வைத்துக்கொள்பவர்கள் ஒரு அட்டை எழுதிக்கொள்ளுங்கள். ‘வயிற்றில் பேக்லோஃபென் பம்பு இருக்கிறது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில். அதன் கீழே பம்பின் வகை, மருந்தின் செறிவு, நாளுக்கு எவ்வளவு போகிறது, அடுத்து நிரப்ப வேண்டிய தேதி, இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். நிரப்பிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் தேதியையும் அளவையும் அடித்துத் திருத்தி எழுத வேண்டும். ஒரு பிரதி பணப்பையில், இன்னொன்று சக்கர நாற்காலியின் முதுகுப் பையில், மூன்றாவது பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியரிடம்.